கரையின் வரவு செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்பகுதியில் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தைக் கடலிலிருந்து மீட்டு உருவாக்க உத்தேசிக்கப்பட்டுள்ள ‘லாங் ஐலண்ட்’ திட்டம் பற்றிய தங்கள் நாளிதழின் செய்தியைப் படித்தேன். நம் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலேயே இருப்பதால், கடலைத் தடுக்கும் அரண் தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், கரையை வரைபடத்துக் கோடாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது மணலின் வரவு செலவுக் கணக்கு: சாய்வாக வந்து மோதும் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திச் செல்கின்றன, ஓரிடத்தில் கற்களை அடுக்கி அதை மறித்தால் அடுத்த இடத்துக்கு வரவு குறைகிறது, செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலையோ அச்சுவரின் அடிமணலையே அரித்துவிடுகிறது.

பிடோக் படகுத்துறை அருகே பல ஆண்டுகளாகக் காலைநடை செல்பவன் நான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களுக்குப் பின், ஒரே சிறு வளைகுடாவின் ஒரு முனையில் மரவேர்கள் வெளியே தெரிவதையும் மறுமுனையில் மணல் மேடிட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன். (அந்த மணலும் நிலமீட்பின்போது கொட்டப்பட்டதே என்பது வேறு கதை.) ஆகவே, கடலோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றுள்ள பொதுப் பயனீட்டுக் கழகம், திட்ட எல்லைக்கு அப்பாலும் இருபுறக் கரைகளின் மணல் மட்டத்தைப் பணி தொடங்குமுன்பே பருவந்தோறும் அளந்து, அந்த அளவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டுகிறேன்.

– பிடோக் வாசகர்