கறி மட்டும் உண்பது பற்றிச் சித்தப்பாவுக்கு

வின்னிபெக்,
9.2.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சோறு, சப்பாத்தி, காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் கறியும் முட்டையும் உண்டால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்று யாரோ ஒரு டாக்டர் யூடியூபில் பேசியதைப் பார்த்ததாகவும், "கனடாவில் இதைப் பலர் செய்கிறார்களாமே, நீ கறி வெட்டுகிற இடத்தில்தானே வேலை பார்க்கிறாய், விசாரித்து எழுது" என்றும் போன வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். பின்னாலிருந்து சித்தி, "இருக்கிற மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்" என்றதும் என் காதில் விழுந்தது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

விசாரிக்க நான் எங்கும் போக வேண்டியதில்லை. அந்த ஆட்கள் தினமும் என் எதிரில்தான் வந்து நிற்கிறார்கள். நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில். மாடு முழுதாக இங்கே வருவதில்லை. விலா, தோள், பின்தொடை என்று பெரிய பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் பெட்டி பெட்டியாக வரும். அவற்றை மின்ரம்பத்திலும் கத்தியிலும் துண்டு போட்டு, ஓரக் கொழுப்பைச் செதுக்கி, தட்டில் அடுக்கி விலை ஒட்டுவது எங்கள் வேலை. நான் சேர்ந்த புதிதில் செதுக்கிய கொழுப்பெல்லாம் கழிவுத் தொட்டிக்குப் போகும். இப்போது அதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட தூரம் லாரி ஓட்டுகிற ஒருவர், கொழுப்பு நரம்போடிய விலாத்துண்டுகளைத் தானே பொறுக்கி எடுப்பார். ஒரு அம்மையார் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பை மட்டும் கேட்பார். அது மற்றக் கொழுப்பைப் போல வழவழப்பாக இராது, வெள்ளை வெளேரென்று உலர்ந்து, விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். அதை உருக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதில்தான் வறுக்கிறாராம். (மாட்டுக்கொழுப்பு என்று படித்ததும் சித்தி கடிதத்தைக் கீழே வைத்துவிடக் கூடும், மேற்கொண்டு நீங்களே படியுங்கள்.)

என்னோடு கத்தி பிடிக்கும் ஒருவரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர். மூட்டுவலியும் பெருத்த உடம்புமாக இருந்தவர், இரண்டு வருடங்களுக்கு முன் மாட்டுக்கறி, முட்டை, உப்பு, தண்ணீர் என்று மாறினார். இடுப்புச் சுற்றளவு குறைந்தது, முழங்கால் வலி பெரும்பாலும் போனது, எல்லைக்கோட்டில் நின்ற சர்க்கரை இறங்கியது, இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவரே நிறுத்தினார். இவற்றையெல்லாம் நான் கண்கூடாகப் பார்த்தேன், மறுக்க மாட்டேன். ஆனால் அதே மருத்துவர் அவருடைய கெட்ட கொழுப்பின் அளவைப் பார்த்துவிட்டு அதற்கு மாத்திரை எழுதிக் கொடுக்க, இவர் அதை வாங்க மறுத்துவிட்டார். "சர்க்கரையும் மற்றதும் சரியாக இருக்கும்போது அந்த ஓர் எண்ணுக்கு அர்த்தமில்லை" என்பது அவர் வாதம். தனக்குப் பிடித்த எண்களை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு மறுமொழியும் கிடைக்கவில்லை.

போன குளிர்காலத்தில் நானும் சில வாரங்கள் அப்படி இருந்து பார்த்தேன். முதல் சில நாட்கள் தலைவலி, வயிற்றுப்போக்கு, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தல். மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு தண்ணீரையும் உப்பையும் வேகமாக வெளியேற்றும், அதனால் உப்பைக் கூட்டு என்றார் மேலே சொன்ன நண்பர். கூட்டியதும் கால் பிடிப்பு நின்றது. அதன்பிறகு வந்ததுதான் ஆச்சரியம். பசி அடங்கிவிட்டது. காலையில் உண்டால் மாலைவரை வயிறு எதையும் கேட்கவில்லை, மதியத் தூக்கமும் வரவில்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்கவில்லை. நான் எதிர்பார்த்ததுபோல அது இனிப்பைத் தேடவில்லை, புளிப்பைத் தேடியது. உமா ரசம் தாளிக்கும்போது சமையலறைப் பக்கம் போவதையே தவிர்த்தேன். நான் நிறுத்தியதற்குக் காரணம் அது அல்ல. என் தட்டைப் பார்த்துக் குழந்தை பருப்புச் சோற்றைத் தள்ளிவைக்க ஆரம்பித்தது. ஒரே வீட்டில் இரண்டு உலை வைப்பதும் உமாவுக்குச் சுமையானது. எனக்கு நோய் எதுவும் இல்லாததால் குணமாக வேண்டியதும் எதுவும் இல்லை. ஆகவே என் அனுபவம் உங்களுக்குச் சாட்சியாகாது.

இந்த விவாதத்தின் மூலபுருஷர் எங்கள் மனிடோபா மாநிலத்துக்காரர் என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வின்னிபெக் நகரிலிருந்து வடக்கே, இதே பெயருள்ள ஏரியின் மேற்குக் கரையில், ஐஸ்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் 1875இல் குடியேறிய பகுதி இருக்கிறது. அங்கே ஆர்னஸ் என்ற ஊரில் 1879இல் பிறந்தவர் வில்ஹால்மர் ஸ்டெஃபான்சன். பிற்காலத்தில் வடதுருவப் பகுதியை ஆராயப் போய், நாம் பள்ளிப் புத்தகத்தில் எஸ்கிமோக்கள் என்று படித்த இன்யூட் மக்களோடு பல வருடங்கள் வாழ்ந்து, அவர்களைப் போலவே மீனும் கறியுமாக உண்டு திரும்பினார். காய்கறி இல்லாமல் மனிதன் நலமாக வாழ முடியும் என்று அவர் சொன்னதை நியூயார்க்கில் யாரும் நம்பவில்லை. எனவே 1928இல் அவரும், அவரோடு வடக்கே பயணம் செய்த கார்ஸ்டன் ஆண்டர்சன் என்பவரும், பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் கண்காணிப்பில் ஒரு வருடம் இறைச்சியை மட்டுமே உண்ண ஒப்புக்கொண்டார்கள். முதல் சில வாரங்கள் மருத்துவமனையிலேயே காவல் போட்டுப் பார்த்தார்கள். பிறகு வெளியில் வாழ்ந்தபடி அவ்வப்போது பரிசோதனைக்கு வந்தார்கள். வருட முடிவில் இருவருக்கும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வரவில்லை, இரத்த அழுத்தம் ஏறவில்லை, சிறுநீரகம் கெட்டதற்கான அடையாளமும் இல்லை. மெக்லெல்லன், டுபோய் என்ற இரு மருத்துவர்கள் இதை 1930இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். செலவுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க இறைச்சித் தொழிலதிபர்களின் சங்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக முடிவு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் இரண்டே இரண்டு பேர், ஒரே ஒரு வருடம் என்பதை மறக்கக் கூடாது.

அந்தச் சோதனையில் உங்களுக்கு வேண்டிய செய்தி வேறு ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் ஸ்டெஃபான்சனுக்கு வேண்டுமென்றே கொழுப்பு நீக்கிய வெறும் சதையைக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று நாட்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்து படுத்துவிட்டார். கொழுப்புள்ள கறியும் மூளையும் கொடுத்ததும் தெளிந்தார். வடக்கே வேட்டையாடுகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. முயல் மட்டுமே கிடைத்த காலத்தில் வயிறு நிறைய உண்டும் மெலிந்து செத்தார்கள் என்பார்கள், ஏனென்றால் முயலின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. புரதத்தை எரித்து மட்டும் உயிர் வாழக் கல்லீரலால் முடியாது. அந்த இருவரும் அந்த வருடம் உண்ட உணவின் ஆற்றலில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் கொழுப்பிலிருந்து வந்தது. ஆக, இதைக் கறிச் சாப்பாடு என்பதைவிடக் கொழுப்புச் சாப்பாடு என்பதுதான் பொருத்தம்.

இந்த ஊரின் பழைய சரித்திரமும் அதையே சொல்கிறது. பைசன் எனப்படும் காட்டெருமையின் சதையை உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, ஏறக்குறைய அதே அளவு உருக்கிய கொழுப்பை ஊற்றித் தோல் பையில் அடைப்பார்கள். பெம்மிக்கன் என்று பெயர். நம் உப்புக்கண்டத்தைக் கொழுப்பில் ஊறவைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். விலங்குகளின் மயிர்த்தோலை வாங்கி விற்ற வியாபாரிகளின் படகோட்டிகள் இதைத் தின்றுதான் துடுப்புப் போட்டார்கள். 1814இல் இங்கிருந்த ஆளுநர் பெம்மிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை விதித்து, அதனால் மூண்ட பகை 1816இல் சண்டையாகி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சண்டை நடந்த இடம் இன்று இந்த நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

சரி, இன்யூட் மக்கள் வாழவில்லையா என்று கேட்பீர்கள். வாழ்ந்தார்கள். அவர்களின் வடக்குப் பிரதேசத்திலிருந்து சிகிச்சைக்காகப் பலர் வின்னிபெக்குக்கு வருவதால் அந்த மக்களை இங்கு அடிக்கடி பார்க்கலாம். ஆனால் யூடியூப் டாக்டர்கள் அவர்களைச் சாட்சிக்கு அழைப்பது பாதி உண்மைதான். அவர்கள் சீல், திமிங்கலம், கரிபு மான் எதுவானாலும் முழு மிருகத்தையும் உண்டார்கள். பச்சை ஈரலும், திமிங்கலத்தின் தோலும் கொழுப்புமான பகுதியும் அவர்களுக்கு வைட்டமின் சி கொடுத்தன. கோடையில் காட்டுப் பழங்களையும் கடற்பாசியையும் சேர்த்துக்கொண்டார்கள். மேலும், கொழுப்பை உடம்பு எரிக்கும் முறையோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் அவர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. பல தலைமுறைகளாக அந்த உணவோடு பழகிய உடம்பு அது. விருதுநகரில் அறுபது வருடம் சோறு உண்ட உடம்புக்கு அதை அப்படியே அளவுகோலாக வைக்க முடியுமா?

இன்றைய சண்டை 2018 வாக்கில் சூடு பிடித்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோர்டன் பீட்டர்சனும் அவர் மகளும் தாங்கள் மாட்டுக்கறியும் உப்பும் மட்டுமே உண்பதாகச் சொல்ல, எலும்பு மருத்துவர் ஷான் பேக்கர் அதே உணவை ஊரெங்கும் பரப்பினார். இதே கட்சியில் உரத்துப் பேசிய பால் சலாடினோ என்ற இன்னொரு மருத்துவர், பின்னால் பழமும் தேனும் சேர்த்துக்கொண்டுவிட்டார்; அதை இங்கே பலர் அழுத்திச் சொல்வதில்லை. எதிர்த்தரப்பிலோ, 2019இல் கனடா அரசு வெளியிட்ட உணவு வழிகாட்டி தட்டில் பாதி காயும் பழமும் இருக்க வேண்டும் என்கிறது. பதப்படுத்திய இறைச்சி தினம் 50 கிராம் உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு 2015இல் அறிவித்தது. பன்றிக்கறி பேக்கனைக் காலை உணவாக அள்ளிப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த எண்தான் நினைவுக்கு வரும்.

இப்படி உண்கிறவர்களைப் பற்றிய பெரிய கணக்கெடுப்பு ஒன்று 2021இல் வந்தது. ஆறு மாதமாவது இப்படி உண்ட 2,029 பேரிடம் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கேள்விகள் கேட்டார்கள். பெரும்பாலோர் திருப்தியாக இருந்தார்கள். சர்க்கரை நோயாளிகள் பலர் மருந்தைக் குறைத்ததாகச் சொன்னார்கள். நீங்கள் பார்த்த யூடியூப் பேச்சு இதைத்தான் காட்டியிருக்கும். ஆனால் பதில் சொன்னவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், அந்த உணவில் நிலைத்தவர்கள். ஒத்துக்கொள்ளாமல் விட்டுப்போனவர்களை யார் கேட்டது? பதில் சொன்னவர்களிலும் இரத்தப் பரிசோதனை எண்களைக் கொடுத்தவர்களின் கெட்ட கொழுப்பு நடுமதிப்பு 172. சர்க்கரை நோயாளிக்கு அது 100க்குக் கீழே, இதய நோய் அபாயம் உள்ளவருக்கு 70க்குக் கீழே இருக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். பத்து, இருபது வருடங்கள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு எதுவும் இல்லை. ஸ்டெஃபான்சனே இடையில் சாதாரண உணவுக்குத் திரும்பி, முதுமையில் மறுபடி கறிக்கு வந்து, 1962இல் தம் 82ஆம் வயதில் பக்கவாதத்தால் இறந்தார். 82 வயது வாழ்ந்தாரே என்று ஒரு கட்சியும், பக்கவாதம்தானே என்று மறு கட்சியும் அதை இழுத்துக்கொள்கின்றன.

இனி உங்கள் விஷயம். மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. மூன்று வேளையும் அரிசியில் ஓடுகிற நம் வீட்டுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் முழுக்கக் கறி என்பது நம் ஊர்ச் சந்தையில் நடக்காது. வெள்ளாட்டுச் சதையில் நூறு கிராமுக்கு இரண்டு மூன்று கிராம் கொழுப்பு தேறினால் அதிகம். தோல் உரித்த பிராய்லர் கோழி மார்பும் அப்படித்தான். தொடைக்கறியை மட்டும் வாங்கி உண்டீர்களானால் பெல்வியூவில் ஸ்டெஃபான்சன் படுத்ததுபோலப் படுக்க நேரும். ஈரல், சுவரொட்டி, மூளை, குடல்கொழுப்பு என்று எல்லாம் சேர்த்து வாங்கினால் ஓய்வூதியம் பாதி மாதம்கூட வராது.

அதைவிட முக்கியம் மாத்திரை. கிளிமிபிரைடு போட்டுக்கொண்டோ இன்சுலின் எடுத்துக்கொண்டோ திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' என முடியும் மாத்திரைகள் இன்னும் ஆபத்து: மாவுச்சத்தே இல்லாத உணவோடு அவை சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம், அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே இருக்கக் கூடும் என்பதால் வீட்டில் சோதிக்கும் கருவி அதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், போன மாத இரத்தப் பரிசோதனைத் தாளையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது அரிசியைப் பாதியாகக் குறைத்தால் எந்த மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். கூடச் சித்தியையும் அழைத்துப் போங்கள், நீங்கள் கேட்க மறந்ததை அவர் கேட்பார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் என் பங்கையும் நீங்களே சாப்பிடுங்கள், சோற்றைக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு.

தங்கள் அன்புள்ள,
செல்வம்