கியோத்தோ மரவீட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

தச்சர்களுக்கும், மண்சுவர் பூசியவர்களுக்கும், ஓடு மாற்றியவர்களுக்கும், தரையில் விரிக்கும் தடித்த தத்தாமி பாய் தைத்தவர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் வணக்கம். ஜப்பானின் கியோத்தோ நகரில் 1950-க்கு முன் கட்டப்பட்ட அந்த மாச்சியாவை, அதாவது மரபான மர நகரவீட்டை, பழுதுபார்க்கும் வேலை நிறைவடைந்துவிட்டது. யாருக்கு எதற்கு நன்றி சொல்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதிவிட ஆசைப்படுகிறோம்.

முதல் நன்றி, தங்கள் வீடுகளைச் சுற்றிப்பார்க்கக் கதவு திறந்த குடும்பங்களுக்கு. ஜூலையில் இந்நகரின் கியோன் தேர்விழாவின்போது தேர்த் தெருக்களில் பல வீடுகள் பரம்பரையாக வந்த மடிப்புத் திரைகளை முன்கூடத்தில் வைத்துக் காட்டும். அதை யாரும் பார்க்கலாம். நீங்களோ பாயைத் தூக்கி, அடிப்பலகையைக் கழற்றி, தூண் கல்மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தை டார்ச் அடித்துக் காட்டினீர்கள். வாசலிலிருந்து கொல்லைவரை ஓடும் மண்தரை நடையில் நிற்கவைத்து, அடுப்புக்கு மேலே கூரைவரை வெற்றிடமாக விட்டிருப்பது புகை போகவும் வெளிச்சம் இறங்கவும்தான் என்று விளக்கினீர்கள். வீடு பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதே மேல்.

தச்சர்களே, உங்களுக்குத்தான் பெரிய கடன். அடுக்களைப் பக்கத் தூண்களைச் சுற்றி யாரோ முன்பு கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடிமரம் இற்று, கரையானும் ஏறியிருந்தது. ஜாக்கியை உடனே வைக்க நீங்கள் சம்மதிக்கவில்லை. முதலில் ஓடுகளையும் அவற்றின் கீழிருந்த மண்ணையும் இறக்கிப் பாரத்தைக் குறைத்தீர்கள். பிறகு பக்கத்துப் பக்கத்துத் தூண்களைச் சேர்த்தே, ஒவ்வொரு தடவையும் சில மி.மீ. மட்டும் உயர்த்தினீர்கள். ஒரே தூணைத் தூக்கியிருந்தால், தூண்களைத் துளைத்துச் செல்லும் குறுக்குச்சட்டம் நல்ல சுவரையும் பிளந்திருக்கும். நல்ல மரம் தென்படும்வரை அறுத்து, அதே வகை மரத்தில் புது அடி செய்து, ‘கனவா’ என்ற ஜப்பானியத் தச்சு இணைப்பில் கோத்து நடுவே ஆப்பு அடித்தீர்கள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தூணின் அடியைச் செதுக்கிய அந்தப் பொறுமை எங்கள் கண்ணைவிட்டு அகலாது.

சாய்வை நிமிர்த்தித் தூக்குக்குண்டு பார்த்து, முட்டுக் கொடுத்த பிறகுதான் சுவருக்குக் கைவைக்க விட்டீர்கள். வரிசை மாறியிருந்தால் புதுச்சுவர் அத்தனையும் விரிசல்.

மண்சுவர் பூசியவர்களே, ‘எப்போது முடியும்’ என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் தேதி சொல்ல மறுத்தீர்களே, அதற்கும் நன்றி. மூங்கில் பிளாச்சுகளைக் கயிற்றால் கட்டி, நறுக்கிய வைக்கோலோடு புளிக்கவைத்த மண்ணை முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் அப்பினீர்கள். அது காய்ந்து, வெடிக்க வேண்டிய வெடிப்பெல்லாம் வெடித்த பின்பே நடுப்பூச்சு. அவசரப்பட்டால் மேல்பூச்சில் விரிசலும் பூஞ்சையும் வரும்; கடுங்குளிரில் பூசினால் உள்ளிருக்கும் நீர் உறைந்து மண் உதிரும். சிமெண்ட் வேண்டாம் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தது மிகச் சரி. வீடு அசையும்போது சிமெண்ட் அசையாது. பிரிந்து நின்று தண்ணீரைப் பின்னால் தேக்கும்.

பாய் தைத்தவர்களே, கியோத்தோ அளவுப் பாய் 955க்கு 1910 மி.மீ. இங்கே தூண்களுக்கு இடைப்பட்ட இடத்தைப் பாய்தான் தீர்மானிக்கிறது. வேறொரு மாச்சியாவிலிருந்து நீங்கள் கொண்டுவந்த பழைய பாய் தட்டாமல் முட்டாமல் பொருந்தியபோதுதான், தூண்கள் நேராகிவிட்டன என்று தச்சர்களே நிம்மதியானார்கள்.

அண்டை வீட்டார் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; உங்கள் பக்கம் சாரம் நிறுத்த இடம் தந்தீர்கள், தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டீர்கள். முகப்பை மூடியிருந்த தகரத்தைக் கழற்றியபோது உத்தரத்தில் பழைய மரத்தட்டியின் துளைகள் தெரிந்தன. புதிய மரத்தட்டி அதே இடைவெளியில்தான் நிற்கிறது.

ஜூன் மாதம் காகிதக் கதவுகளைக் கழற்றி நாணல் கதவுகளை மாட்டுவோம். அன்று அனைவரும் வாருங்கள். தரைப்பலகையைத் திறந்தே வைக்கிறோம், தூண்களின் அடி காய்ந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.