ஐபி முகவரி எல்லையைத் தவறாகக் கொடுத்தது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: லீஸ்டு லைன் இணைப்பின் ஸ்டேட்டிக் ஐபி பட்டியலைத் திருத்தித் தருதல்

ஐயா,

திருப்பூரில் உள்ள எங்கள் பின்னலாடை நிறுவனத்துக்குப் போன மாதம் உங்களிடம் லீஸ்டு லைன் (எங்களுக்கு மட்டுமான இணைய இணைப்பு), மாறாத ஸ்டேட்டிக் ஐபி முகவரிகளோடு எடுத்தோம். நீங்கள் கொடுத்த தாளில் எங்கள் முகவரி 203.0.113.44/29 என்றும், கடைசி எண் .44 முதல் .51 வரை உள்ள 8 முகவரிகளைப் பயன்படுத்தலாம் என்றும் இருக்கிறது. இந்தக் கணக்கு தவறு.

/29 என்றால் ஐபி முகவரியின் 32 பிட்டில் (0 அல்லது 1 என்ற இலக்கத்தில்) 29 நெட்வொர்க்கைக் குறிக்கப் போக மீதி 3 பிட். எனவே 8 முகவரிகள். அதுவரை சரி. ஆனால் அந்த எட்டைத் தாளில் உள்ள எண்ணிலிருந்து எண்ணக் கூடாது. /29 தொகுதி 32, 40, 48 என்று எட்டின் மடங்கில்தான் தொடங்கும். 44-ஐ பைனரியில் 00101100 என்று எழுதி, கடைசி 3 பிட்டைச் சுழியாக்கினால் 00101000, அதாவது 40. ஆக எங்கள் தொகுதி .40 முதல் .47 வரை. அதில் .40 தொகுதியையே குறிக்கும் நெட்வொர்க் முகவரி, .47 தொகுதியில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரேசமயம் அனுப்புவதற்கான பிராட்காஸ்ட், .41 இணையத்துக்குப் போகும் வாசலான உங்கள் கேட்வே. எங்களுக்கு மிஞ்சுவது .42 முதல் .46 வரை 5 மட்டுமே.

.49-ஐ ஆர்டர் சர்வருக்குப் போட்டபோது கேட்வே கிடைக்கவில்லை. வந்த உங்கள் ஊழியர், தொகுதியின் அளவைச் சொல்லும் மாஸ்க்கை 255.255.255.248-இலிருந்து (அதாவது /29) 255.255.255.0 ஆக்கி, “இனிமே எரர் வராது சார்” என்று சொல்லிப் போய்விட்டார். 203.0.113 என்று தொடங்கும் எல்லாமே ஒரே தொகுதி என்று சர்வர் எடுத்துக்கொண்டதால் எரர் நின்றது. ஆனால் .49 வேறு தொகுதி என்பதால் அதற்கு வரும் எதுவும் எங்கள் லைனுக்கு வருவதில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. உங்கள் தாளை நம்பி அந்த 8 முகவரிகளையும் எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தோம். அவர்களும் தங்கள் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் பாதுகாப்பில்) அனுமதித்துவிட்டார்கள். அதனால் .48 முதல் .51 வரை, யாருடையது என்றே தெரியாத 4 முகவரிகளுக்கு எங்கள் பெயரில் அங்கே வழி திறந்திருக்கிறது. இது எங்கள் நம்பகத்தன்மையைப் பாதிக்கும் விஷயம்.

திருத்திய தாளை, தொகுதி, மாஸ்க், கேட்வே மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். தவறு உங்களுடையது என்று அந்த நிறுவனத்துக்குக் காட்ட ஒரு கடிதமும் வேண்டும். பில்லில் 8 முகவரிக்குக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். 8 தருவதானால் 16 முகவரிகள் கொண்ட /28 தொகுதி கொடுங்கள், இல்லையென்றால் 3 முகவரிக்கான பணத்தைக் கழியுங்கள். அப்புறம், இதே முறையில் தாள் பெற்ற மற்ற வாடிக்கையாளர்களின் கணக்கையும் தயவுசெய்து சரிபாருங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்
திருப்பூர்