ஸ்பைக் பஸ்டரில் எரியும் சிவப்பு விளக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மின்சாதனப் பாதுகாப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, நல்ல ஸ்பைக் பஸ்டர் (வோல்டேஜ் திடீரென எகிறினால் சாதனங்களைக் காக்கும் சாக்கெட் பெட்டி) ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்பதோடு முடிந்துவிட்டது. அப்படி மாட்டியும் டிவியையும் ரூட்டரையும் பறிகொடுத்தவன் நான்.

8 வருடமாக ஒரே ஸ்பைக் பஸ்டர்தான். ஒரு மாலை இடி இடித்ததும் டிவியும் ரூட்டரும் செத்தன. ஸ்பைக் பஸ்டரின் சிவப்பு விளக்கு மட்டும் எதுவும் நடக்காததுபோல் எரிந்துகொண்டிருந்தது. பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்து, உள்ளே கருகிக் கிடந்த சட்டைப் பொத்தான் அளவு வில்லையைக் காட்டினார். அதுதான் வேரிஸ்டர், துத்தநாக ஆக்சைடால் ஆனது. வோல்டேஜ் எகிறும்போது அதிகப்படி மின்சாரத்தைத் தன் வழியே திருப்பிவிடும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். அது எப்போது தீர்ந்ததோ! சிவப்பு விளக்கு சொன்னதெல்லாம் கரண்ட் இருக்கிறது என்பதை மட்டுமே. பாதுகாப்பு மிச்சமிருக்கிறதா என்று காட்டத் தனி விளக்கு வைத்த மாடல்கள் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இன்னொன்று. ரூட்டரின் பிளக்கை இடி சத்தம் கேட்டதுமே கழற்றிவிட்டேன். ஆனால் வெளியிலிருந்து வரும் டெலிபோன் வயர் அதில் அப்படியே இருந்தது, அங்கிருந்து லேன் கேபிள் டிவிக்குப் போனது. ஆக, டிவியைக் கொன்றது கரண்ட் வழியா, டெலிபோன் வழியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் எல்லா வயரையும் பிடுங்கிவிடுகிறேன்.

ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். இடியால் வரும் எகிறல் மைக்ரோசெகண்டுகளில் முடிந்துவிடும். ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்ச் அதற்குள் அசையக்கூட அசையாது. அது மெல்ல ஏறி இறங்கும் வோல்டேஜுக்கானது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) அறுந்தால் கதை தலைகீழ்: 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறி, அங்கேயே நிற்கும். அதை வேரிஸ்டரால் தாங்க முடியாது, சூடேறி எரிந்தே போகலாம். வோல்டேஜ் எல்லை மீறினால் இணைப்பையே துண்டிக்கும் கருவிதான் அங்கே உதவும்.

கட்டுரையில் எர்த் பற்றி ஒரு வரிகூட இல்லை. எர்த் இல்லாத சாக்கெட்டில் மாட்டினால், லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும் வேரிஸ்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டு, எர்த்தை எப்படிச் சோதிப்பது என்று தனியாகவே ஒரு கட்டுரை போடுங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்