பட்டன் டயர் எல்லாருக்கும் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வந்த சைக்கிள் கட்டுரையைப் படித்தேன். கியர், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் இருந்தன; டயரைப் பற்றி ஒரு வரி இல்லை. முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் பதினாறு வருஷமாகச் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் சுற்று ஒரு நாளைக்கு 18 கிலோமீட்டர். 11 தார்ச்சாலை, மிச்சம் கண்மாய்க்கரையும் வண்டிப்பாதையும். பழைய 28 அங்குல வண்டியை விற்றுவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன் 26 அங்குல எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) வாங்கினேன். கூடவே பட்டன் டயர், அதாவது மேலெல்லாம் ரப்பர் குமிழ்கள் துருத்தி நிற்கும் டயர். பார்க்க டிராக்டர் மாதிரி கம்பீரம்தான். தாரில் ஏறினால் ஒரே உறுமல், மிதித்து மிதித்து முட்டிதான் போனது. எட்டே மாதத்தில் பின் டயரில் நடுப் பட்டன்கள் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டன. ஓரத்துப் பட்டன்கள் கடையில் வாங்கியது போல அப்படியே இருந்தன. தாரில் உருள்வது நடு, மண்ணில் திரும்பும்போது பிடிப்பது ஓரம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் நடுவில் விடாமல் ஓடும் கெட்டியான வரி, இரண்டு ஓரத்திலும் சின்னப் பட்டன் உள்ள டயராகத் தேடினேன். ஒரு கடையில் "26 தானே அண்ணே, எல்லாம் ஒண்ணுதான்" என்று 26 x 1⅜ டயரை மாட்டிவிட்டார்கள். காற்றடித்ததும் ரிம்மை விட்டு வெளியே வந்து, ட்யூப் படாரென்று வெடித்தது. என் ரிம்முக்கு வேண்டியது 26 x 1.95. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 50-559 என்று இருக்கும். அவர்கள் மாட்டியது 37-590. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், எல்லாம் மில்லிமீட்டரில். 31 மில்லிமீட்டர் பெரிய வளையம் எப்படி நிற்கும்? கடையில் அங்குலத்தைச் சொல்லாதீர்கள், இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

காற்று என் எடைக்குப் பின்னால் 45 பிஎஸ்ஐ, முன்னால் 40. கரையோர வேலை அதிகமுள்ள நாளில் ஐந்தைந்து குறைப்பேன். அதற்கும் கீழே போனால் கல்லில் ஏறும்போது ரிம் ட்யூபை நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் முழுசாகத் தாங்காது. ஆனால் பட்டன் டயரில் பட்டன்களுக்கு நடுவே ரப்பர் மெலிசு, முள் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. இந்த நடுவரி டயர் வந்த பிறகு எனக்குப் பஞ்சர் பாதியாகக் குறைந்திருக்கிறது. சாயங்காலம் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, குத்தி நிற்கும் முள்ளைக் குறட்டால் பிடுங்கிவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் பக்கக் கடைகளில் இந்த ரகத்தைக் கேட்டால் "ஆர்டர் போட்டுத்தான் வரணும்" என்கிறார்கள். பாதித் தாரும் பாதி மண்ணுமாகப் போகிற பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் உள்ள ஊரில் நான்கு ஜோடி வாங்கி வைத்தால் விற்காமலா போகும்?

ஐப்பசி மழையில் ஊறிய கரிசலுக்கு மட்டும் என்னிடம் டயர் யோசனை இல்லை. மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாது. அன்றைக்குச் செருப்பை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தபால்காரர்,
முதுகுளத்தூர் வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.