தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கான யோசனைகள் வந்திருந்தன. டயரில் காற்று, செயின் தளர்வு, பிரேக் வயர் என்று எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் மட்டும், அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 27 வருடமாக பைக் மெக்கானிக். கூடுதலாகப் பெட்ரோல் எடுத்துப்போவதே தவறு என்று சொல்ல வரவில்லை. பங்க் எங்கே இருக்கும் என்று தெரியாத சாலையில் போகிறவருக்கு அது தேவைதான். எதில் எடுத்துப்போகிறோம் என்பதுதான் என் கவலை. அந்தக் கவலை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், எனக்குப் பழக்கமான ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மனைவியும் நாலு வயதுப் பையனும் கூடவே நடந்து வந்திருந்தார்கள். பழுதுக்கு நின்றிருந்த ஒரு வண்டியின் ட்யூபைக் கழற்றி, கைக்குக் கிடைத்த தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்தேன். பாதியை அவர் டேங்கில் ஊற்றினேன். "மிச்சத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் நின்றால் ஊற்றிக்கொள்ளலாம்" என்று பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்தேன். "ரொம்ப நன்றி அண்ணே" என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வழியில் வண்டி நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பையைத் தரையில் வைத்திருக்கிறார்கள். விளையாடிக்கொண்டிருந்த பையன் தாகத்துக்குப் பாட்டிலைத் திறந்து வாயில் கவிழ்த்துக்கொண்டான். ஒரே ஒரு மடக்குதான். இருமல் நிற்கவே இல்லை. பாட்டி பதறிப்போய், வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று தொண்டையில் விரலை விட்டிருக்கிறார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் செய்யக் கூடாதது அதுதான் என்று மருத்துவர் பிறகு விளக்கினாராம். பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அது தண்ணீரைவிட எளிதாகப் பரவும் திரவம். இருமும்போதோ வாந்தி எடுக்கும்போதோ கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் புண்பட்டு வீங்கிவிடும். பையன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில், அதில் பாதி நாள் ஆக்சிஜனில் இருந்தான்.

பிழைத்துக்கொண்டான். அவன் அப்பா இன்றைக்கும் வண்டியை என்னிடம்தான் விடுகிறார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தப் பாட்டிலைக் கொடுத்தது என் கை. அதை நான் மறக்கவில்லை.

இப்படி யாருக்காவது நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், குடித்தது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். என் தொழில்காரர்களுக்கும் இதில் ஒன்று சொல்ல வேண்டும். டேங்கில் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. நானும் செய்திருக்கிறேன். அதிலும் இதே ஆபத்துதான். கையால் அழுத்தி உறிஞ்சும் ரப்பர் பம்ப் இருக்கிறது, அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வீட்டில் குழந்தையே இல்லை, தனியாகத்தான் போகிறேன் என்பவர் பாட்டிலில் எடுத்துப்போகலாமா? அப்போதும் வேண்டாம். அந்தப் பாட்டிலும் அதன் மூடியும் தண்ணீருக்காகச் செய்தவை. பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு விரியும். காலையில் குளிர்ச்சியாகப் பிடித்த ஒரு லிட்டர், மதிய வெயிலில் 30 டிகிரி சூடேறினால் 30 மில்லி கூடிவிடும். கழுத்துவரை நிரப்பிய பாட்டிலில் அந்த 30 மில்லி எங்கே போகும்? போதாததற்கு ஆவியின் அழுத்தம் வேறு. பாட்டில் உப்பும், மூடி வழியாகக் கசியும். பையில் துணிக்கு நடுவே இருப்பதால் கசிவது கண்ணில் படாது.

கசியும் திரவத்தைவிட ஆவிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோலில் இருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வரும். ஆக, நாம் வண்டி ஓட்டும் எந்த வானிலையிலும் அது தயாராகத்தான் இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிக் கலைந்துபோகாமல் சைடு பாக்ஸின் அடியில் போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு அது சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். இப்போது நிறையப் பேர் அதே பாக்ஸுக்குள் போன் சார்ஜர் வயரையும் இழுத்து வைக்கிறார்கள். என்னிடம் வரும் வண்டிகளில் இதைப் பார்க்கிறேன். ஒரு பொறி போதும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி விட்டுப்போன பழைய இரும்பு ஜெர்ரி கேன் ஒன்று பட்டறையில் இருக்கிறது. இருபது லிட்டர் பிடிக்கும். பைக்கில் வைக்கிற சாமான் இல்லைதான், ஆனால் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் நடத்துவேன். 1937 வாக்கில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான வடிவம் அது. பிரிட்டிஷ் வீரர்கள் ஜெர்மானியர்களை 'ஜெர்ரி' என்று அழைத்ததால் அந்தப் பெயர் வந்தது. பிரிட்டிஷ் படை முதலில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோய், வழியெல்லாம் ஒழுகவிட்டு ஏகப்பட்டதை இழந்தது. அப்புறம் எதிரியின் கேனைப் பார்த்து அதேபோலச் செய்துகொண்டது. கேனின் இரண்டு பக்கத்திலும் பெருக்கல் குறி மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். உள்ளே இருப்பது விரியும்போது தகடு வெடிக்காமல் வளைந்து கொடுக்க அது உதவும். மேலே கொஞ்சம் காற்றுக்கும் இடம் விட்டிருப்பார்கள். பெட்ரோல் விரியும் என்பதை நினைத்துச் செய்த பாத்திரம் அது.

பைக்குக்கென்று எரிபொருளுக்காகவே செய்த ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கேன்கள் கிடைக்கின்றன. தடித்த பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் வருகின்றன. மூடியில் எரிபொருளுக்குத் தாங்கும் வாஷர் இருக்கும், எதுவரை நிரப்பலாம் என்ற கோடும் இருக்கும். கோடு இல்லாவிட்டால் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றுதானே என்று கேட்கிறவர்கள் ஒரு தெர்மாகோல் துண்டில் இரண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டுப் பார்க்கட்டும். கண் முன்னே கரைந்துபோகும்.

பங்க்கில் நிரப்பும்போது கேனைத் தரையில் வைக்க வேண்டும். சீட்டின் மேலோ பாக்ஸுக்குள்ளேயோ வைத்து நிரப்பக் கூடாது. பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். கேன் தரையில் இருந்து, குழாயின் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி இருந்தால் அது இறங்கிப்போக வழி இருக்கும். நின்றுபோன வண்டியில் ஊற்றுவதற்கு முன் இன்ஜினும் சைலன்சரும் ஆறட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பயணமும் கெட்டுப்போகாது. கேன் மூடியை ஒரேயடியாகத் திறக்காமல், மெதுவாகத் திருகி அழுத்தத்தை இறக்கிவிட்டுத் திறங்கள். புனல் ஒன்று கையோடு இருக்கட்டும்.

வண்டியில் எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், தாழ்வாக, வண்டியின் நடுப்பகுதிக்கு முடிந்தவரை அருகில், நிமிர்ந்த நிலையில், ஆடாமல் இறுக்கிக் கட்டி. ஐந்து லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் கிலோ. அதைப் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கவிட்டால் முன்சக்கரம் லேசாகி வளைவில் பிடிப்புக் குறையும். முதுகில் மாட்டும் பையில் வைப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. விழுந்தால் பெட்ரோலும் உங்களோடு சேர்ந்து உருளும்.

எல்லாவற்றையும்விட, அவ்வளவு பெட்ரோல் தேவையா என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு சாதாரண 125 சிசி வண்டி ஒரு லிட்டரில் 45, 50 கிலோமீட்டர் ஓடும். இரண்டு லிட்டர் கேன் இருந்தால் 90 கிலோமீட்டர் கூடுதல் தூரம் கையில் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலருக்குத் தங்கள் வண்டி ரிசர்வில் எவ்வளவு தூரம் போகும் என்பதே தெரியாது. டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, ரிசர்வுக்கு மாறும் இடத்தையோ விளக்கு எரியும் இடத்தையோ ஒருமுறை எழுதி வைத்தால் போதும், வண்டியை நம்பிக் கிளம்பலாம். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க் வறளும்வரை ஓட்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் பம்ப் அந்தப் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது.

டேங்கில் இடம் வந்ததும் கேனில் இருப்பதை ஊற்றிவிடுங்கள், அடுத்த பங்க்கில் தேவைப்பட்டால் புதிதாக நிரப்பிக்கொள்ளலாம். மாதக்கணக்கில் கேனிலேயே கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் வண்டி கிளம்பாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. காலியான கேன்தானே என்று மூடியைத் திறந்தும் வைக்காதீர்கள். அடியில் நாலு சொட்டும் மேலே முழுக்க ஆவியும் காற்றும் இருக்கும் கேன், நிறைந்த கேனைவிட மோசமாக வெடிக்கும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் பட்டறையில் இரண்டு லிட்டர் கேன்கள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம், மேலே பெரிதாகப் 'பெட்ரோல்' என்று எழுதியிருக்கும். வண்டி நின்று வருகிறவர்களுக்கு அதில்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். சில கேன்கள் திரும்பி வருவதில்லை, வேறு வாங்கிக்கொள்கிறேன். பாட்டிலை நீட்டுகிறவர்களிடம், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று மறுத்துவிடுகிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணைப்பைப் படித்துவிட்டு இந்த வாரம் கிளம்புகிற யாராவது ஒரு பாட்டிலை எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கலாம். அந்த வரி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அது தவறு என்று அடுத்த ஞாயிறே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஒரு பைக் மெக்கானிக்