பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஓர் ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்த அமெரிக்க ஆய்வாளர் பரூக் புளும்பெர்க் 1925இல் பிறந்த நாளும் அதுவே. ஆண்டுதோறும் பேரணிப் படங்கள் வெளியாகின்றன. அவருடைய ஆய்வின் பலனான தடுப்பூசி பிரசவ வார்டில் எப்படிக் கைக்கு வர வேண்டும், எங்கே தவறிப்போகிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

புளும்பெர்க் மஞ்சள் காமாலையைத் தேடிப் போனவர் அல்லர். இரத்தப் புரதங்கள் பரம்பரையாக எப்படி வேறுபடுகின்றன என்பதே அவரது ஆய்வு. அகர் கூழில் சிறு குழிகள் வெட்டி, ஒன்றில் பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஹீமோபிலியா (இரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளியின் சீரம், அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர், சுற்றிலும் பல நாட்டவரின் சீரம் விடுவார்கள். இரண்டும் ஊறிச் சந்திக்கும் இடத்தில் எதிர்வினை இருந்தால் ஒரு கோடு விழும். 1963இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தில் அப்படி ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டை உண்டாக்கிய பொருள்தான் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' (உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் காணும் பொருளே ஆன்டிஜென்). இன்று ஹெபடைடிஸ் பி தொற்றைக் கண்டறிய நம் ஆய்வகங்கள் எச்.பி.எஸ்.ஏஜி என்று சோதிப்பதும் இதைத்தான்.

பரம்பரைப் பண்பு என்றே முதலில் கருதினார்கள். 1966இல் டவுன் நோய்க்குறி உள்ள ஒருவருக்கு, முதல் சோதனையில் இல்லாத ஆன்டிஜென் அடுத்த சோதனையில் தோன்றியது. பிறவிப் பண்பு நடுவில் முளைக்காதே! பார்த்தால், அவருக்குக் கல்லீரல் அழற்சி வந்திருந்தது. அந்த இடத்தில் தன் பழைய கருத்தை விட்டுவிட்டுத் தொற்றின் பக்கம் திரும்பியதையே அவரது வாழ்க்கையின் மிகப் பெரிய செயலாக நாங்கள் மதிக்கிறோம். 1976இல் நோபல் பரிசு கிடைத்தது.

கீழாநெல்லியையும் அவர் ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினருடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியிட்டார்: பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ என்னும் வேறொரு கிருமியால் வரும் காமாலை சில வாரங்களில் தானாகவே இறங்கும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஆறு மாதத்துக்கு மேலும் பி ஆன்டிஜென் இருப்பவர்கள் அதை நம்பிக் காலம் கடத்தக் கூடாது.

உறுதியாகப் பலன் தந்தது தடுப்பூசி. சக ஆய்வாளர் இர்விங் மில்மனுடன் புளும்பெர்க் 1969இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், ஏறத்தாழ 90 சதவீதக் குழந்தைகளுக்குக் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிடும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு இது 5 சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் 24 மணி நேரக் கெடு. பிறந்த குழந்தையின் தொடையில், முன்பக்க வெளிப்புறத் தசையில் 0.5 மி.லி. போட வேண்டும். 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) ஊசியில் மற்ற தவணைகள் வரும். அவை முதல் தவணைக்கு ஈடாகா.

தவறுவது சின்ன விஷயங்களில்தான். விடுமுறை நாளில் பிரசவமானால் "நாளைக்குப் போடலாம்" என்கிறார்கள். ஒரே குழந்தைக்காகப் பத்துத் தவணைக் குப்பியை உடைக்கத் தயங்குகிறார்கள். திறந்த குப்பியை முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாள்வரை பயன்படுத்த அரசு விதியே அனுமதிக்கிறது; திறந்த தேதியைக் குப்பியில் எழுதினால் போதும். வெப்பம் 2 முதல் 8 டிகிரி. உறைந்துவிட்டால் மருந்திலுள்ள அலுமினிய உப்பு திரிந்து வீரியம் போய்விடும். உறைபெட்டியிலோ ஐஸ் கட்டியை ஒட்டியோ வைக்கவே கூடாது.

தாய்க்கு ஆன்டிஜென் இருந்தால், குழந்தையின் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். விலை அதிகம், எல்லா இடத்திலும் கையிருப்பில் இராது. வலி எடுத்த பிறகு தேடினால் கிடைக்காது. கர்ப்பகாலச் சோதனை முடிவு பிரசவக் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். மருந்து முன்கூட்டியே வாங்கி வைக்கப்படட்டும். தாய்க்குக் கிருமி அளவு மிகுதி என்றால் கடைசி மாதங்களில் டெனோபோவிர் என்னும் கிருமி எதிர்ப்பு மாத்திரை தேவைப்படும். இந்தத் தாய்மார்கள் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தைக்கு 9 மாதத்துக்குப் பிறகு ஆன்டிஜென், எதிர்ப்பொருள் இரண்டும் சோதியுங்கள். அதற்கு முன் பார்த்தால், ஊசியில் போன எதிர்ப்பொருளே குழப்பிவிடும்.

இப்படிக்கு,
கல்லீரல் நோய் மருத்துவர்கள் இருவர், மதுரை